நான் எடுத்த வில்லை

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அந்த வகுப்பு வரும். எல்லாம் தெரிஞ்ச சூப்பவைசர்மாரையும் சேப்டி ஆள்களையும் திரும்பக் கூட்டி உக்கார வச்சு, தெரிஞ்சதையே திரும்பச் சொல்லிக் கொடுப்பாங்க. தொப்பி போடு, சாரம் ஏறுறதுக்கு முன்னால கயித்தை இழுத்துப் பாரு, வெடிமருந்துப் பெட்டி பக்கத்துல பீடி பத்த வைக்காதே. எங்க ஆளுங்க அதுக்கு 'பழைய சோத்து வகுப்பு'ன்னு பேர் வச்சிருந்தாங்க. "என்னண்ணே, நாளைக்குப் பழைய சோறா?"ன்னு என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டே வருவாங்க. ஆனா வராம யாரும் இருக்க மாட்டாங்க. ரெண்டு நாள் மழையில நனையாம தகரக் கொட்டகைக்குள்ள உக்காந்து, எனாமல் கோப்பையில பிளேன்டீ குடிக்கிறது கசக்குமா?

மஸ்கெலியாப் பக்கம் மலையைக் குடைஞ்சு தண்ணி கொண்டு போற வேலை அது. அறுபதாம் வருஷம் தாண்டி ஒண்ணு ரெண்டு வருஷம் இருக்கும். எந்தச் சுரங்கம், எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். நான் சொல்லப் போற குத்தம் என்னோடது. அதை இன்னொருத்தன் தலையில கட்டிட்டுத்தான் ரெண்டு வருஷம் மனுசன் மாதிரி நடமாடினேன்.

பாடம் நடத்துனவரு ஒரு வெள்ளைக்காரத் துரை. அவருக்கு இடது கையில ரெண்டு விரல் கிடையாது. வகுப்பு தொடங்குனதும் அந்தக் கையைத் தூக்கிக் காட்டி, "இதுதான் எனக்குப் பாடம் சொன்ன வாத்தியார்"ன்னு சொல்லுவாரு. நல்ல மனுசன், சும்மா சொல்லக் கூடாது. அவரு இங்கிலீசுல சொல்லச் சொல்ல, பக்கத்துல நின்னு நான் தமிழ்ல சொல்லணும். சிங்கள சூப்பவைசர்மாருக்கு வேற நாள், வேற ஆளு.

எனக்கு இங்கிலீசு வந்த கதை பெருசா ஒண்ணும் இல்லை. எங்கப்பா தேயிலைத் தோட்டத்துல பத்திருபது பேரை வேலை வாங்குற சில்லறைக் கங்காணி. மகனும் தேயிலைச் செடி வெட்டுற மட்டத்துக் கத்தி தூக்கக் கூடாதுன்னு ஹட்டன்ல ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாரு. எட்டாவது வரைக்கும் போனேன். அந்தக் காலத்துலதான் நம்ம ஆளுங்களுக்குப் பிரஜாவுரிமையும் போச்சு, ஓட்டும் போச்சு. அரசாங்க உத்தியோகம்னா கிட்டயே போக முடியாது. கம்பெனிக்காரன் சுரங்கத்துக்கு ஆள் எடுத்தப்ப, கடவுளேன்னு ஓடிப் போய்ச் சேர்ந்தேன். தோட்டத்தை விட்டு வந்தவனைத் தோட்டம் திரும்ப எடுத்துக்காது. இந்த வேலையும் போனா ரோட்டுலதான் நிக்கணும். என் பயத்துக்கு இது ஒரு காரணம். சாக்கு இல்லை, காரணம் மட்டும்தான்.

இப்ப அந்த வில்லைப் பலகையைப் பத்திச் சொல்லணும், இல்லாட்டி நடந்தது விளங்காது. சுரங்க வாயில ஒரு பெரிய மரப்பலகை, அதுல வரிசையா ஆணி. ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் அடிச்ச பித்தளை வில்லை ஒண்ணு. உள்ள போறப்ப அவனவன் தன் வில்லையை ஆணியில மாட்டிட்டுப் போகணும். வெளிய வந்ததும் அவனவன் கையால எடுத்துப் பக்கத்துல இருக்கிற பெட்டியில போடணும். பலகையில ஒரு வில்லை தொங்கினாலும் உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம், வேட்டு வைக்கக் கூடாது. பலகை காலியா இருந்தா வைக்கலாம். சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும்.

எங்களுக்குத்தான் புரியலை. நாங்க வளர்ந்த விதம் அப்படி. தோட்டத்துல காலையில பெரட்டுக்களத்துல பேர் கூப்பிடுவாங்க. புள்ளைங்களை விட்டுட்டு வர்ற புள்ளைக்காம்பராவுல கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கிட்டு ஒருத்தி நிப்பா, அடுப்புல ரொட்டியை விட்டுட்டு வர முடியாம இன்னொருத்தி தவிப்பா. எங்கப்பா அவங்களுக்கெல்லாம் "வந்தாச்சுங்க ஐயா"ன்னு தானே பதில் சொல்லிருவாரு. கணக்கப்பிள்ளை அடுத்த பக்கத்தைத் திருப்புறதுக்குள்ள அவங்களும் மூச்சிரைக்க ஓடி வந்து நின்னுருவாங்க. அதுக்காகவே எங்கப்பாவைக் கும்பிட்டவங்க உண்டு. தன் ஆளுக்காகத் தானே பதில் சொல்றவன்தான் நல்ல கங்காணின்னு வரிசை வீட்டு லயத்துல அத்தனை பேரும் நம்பினாங்க. நானும் நம்பினேன்.

சுரங்கத்துல எனக்குப் பதினோரு ஆளு. வேலை முடிஞ்சு வெளிய வர்றப்ப சேறும் கல்லுத்தூளுமா, நிக்கக் கால் இல்லாம வருவானுங்க. வாசல்ல மழை சாத்தும், பலகைக்கு முன்னால வரிசை நிக்கும். "அண்ணே, நம்மளதையும் எடுத்துப் போட்டுருங்கண்ணே"ம்பானுங்க. நான் முன்னால போய் பதினோரு வில்லையையும் ஒரே வாரா வாரி எடுத்துப் பெட்டியில போட்டுருவேன். அதுல எனக்கு ஒரு பெருமை வேற. என் ஆளுங்களை மழையில நிக்க விட மாட்டேன்னு ஒரு நெனப்பு. தூ, என்ன பெருமை!

அந்தப் பதினொண்ணுல ஒருத்தன் எங்க தோட்டத்துப் பையன், எங்களுக்கு அடுத்த லயம். இருபத்து மூணு வயசு. வாய் ஓயாது. இருட்டுக்குள்ள பாறையில துளை போடுற கம்பியைப் பிடிச்சுக்கிட்டே பாடுவான், ஒரு பாட்டும் ராகத்துல நிக்காது. "டேய், வேட்டு வைக்காமலே மலை விழுந்துரும், நிறுத்துடா"ன்னா இன்னும் சத்தமாப் பாடுவான். மலை வெடிக்குறதுக்குப் பயப்படாதவன் அட்டைக்குப் பயப்படுவான். கால்ல ஒரு அட்டை ஏறினா குதிக்கிற குதி இருக்கே, கேங்கே சிரிக்கும். குடியும் கிடையாது, வெத்திலையும் கிடையாது. மிளகா இடிச்ச கட்டைச் சம்பலும் ரொட்டியும் கொண்டாந்து எனக்குப் பாதி பிட்டுக் கொடுக்காமச் சாப்பிட மாட்டான்.

அன்னைக்கு மத்தியானம் துளை போட்டு முடிஞ்சு, மருந்து அடைச்சாச்சு. நாங்க வெளிய வந்துக்கிட்டிருக்கோம். பாதி வழியில நான் துளைக் கம்பியை எண்ணிப் பாத்தேன், ரெண்டு குறையுது. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துரும், அது பிறவிக் குணம். "எந்த எருமை மாடுடா கம்பியை விட்டுட்டு வந்தது? நாளைக்கு ஸ்டோர்க்காரன் என் தோலை உரிக்கப் போறான்!"ன்னு கத்தினேன். கத்திட்டுத் திரும்பிப் பாக்காம நடந்தேன். பின்னால வந்த அந்தப் பையன் ஒண்ணும் சொல்லாம திரும்பிப் போயிருக்கான். அந்த இருட்டுல யாரும் கவனிக்கலை.

வாசலுக்கு வந்தேன். நல்ல மழை. வழக்கம் போல பதினோரு வில்லையையும் வாரினேன், பெட்டியில போட்டேன். வேட்டுக்காரர் பலகையைப் பாத்தாரு, காலி. என்னைப் பாத்து, "எல்லாரும் வந்தாச்சா?"ன்னாரு. "வந்தாச்சு"ன்னேன். ஆளை எண்ணிப் பாக்கலை. கம்பியை எண்ணத் தெரிஞ்சவனுக்கு ஆளை எண்ணத் தெரியலை.

மூணு தடவை சங்கு ஊதினாங்க. உள்ள காத்துச் சக்கரம் போடுற இரைச்சல்ல அது அவ்வளவு தூரத்துக்குக் கேக்காது. அது எங்க எல்லாருக்கும் தெரியும். அதனாலதானே பலகையே வச்சது.

அதுக்கு மேல அந்த நாளைப் பத்தி நான் எழுத மாட்டேன். அவன் கையில கம்பி ரெண்டும் இருந்துச்சு, அது மட்டும் போதும்.

விசாரணை வச்சாங்க. வேட்டுக்காரர் "பலகை காலியா இருந்துச்சு"ன்னாரு, அது உண்மை. வில்லை எப்படிப் பெட்டிக்குள்ள போச்சுன்னு கேள்வி வந்துச்சு. துரை என்னைப் பாத்து, "அவன் வில்லையை அவனே எடுத்துப் போட்டானா?"ன்னு கேட்டாரு. நான், "ஆமா சார். எங்களோட வெளிய வந்தான். அப்புறம் சொல்லாமத் திரும்ப உள்ள போயிருக்கணும்"ன்னேன். நல்ல இங்கிலீசுல, தடுமாறாமச் சொன்னேன். கேங்குல மிச்சம் பத்துப் பேரும் தலையைக் குனிஞ்சு நின்னானுங்க. அவனவன் வில்லையை நான்தான் எடுத்தேன்னு ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். ஒருத்தனும் வாயைத் திறக்கலை. எனக்காகவும் பயந்தானுங்க, தங்களுக்காகவும் பயந்தானுங்க. அறிக்கையில 'தொழிலாளியின் கீழ்ப்படியாமை'ன்னு எழுதி முடிச்சாங்க.

அதோட விட்டுருந்தாலும் பரவாயில்லை. செத்த எட்டாம் நாள் சடங்கு அன்னைக்கு லயத்துக்குப் போனேன். அவங்கம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. "தம்பி, நீங்க கூட இருந்தீங்களே. போகாதடான்னு ஒரு வார்த்தை சொன்னீங்களாப்பா?"ன்னு கேட்டாங்க. லயத்துச் சனம் மொத்தமும் என் வாயைப் பாத்துக்கிட்டு நிக்குது. "சொன்னேன் சின்னம்மா. கேக்கலை"ன்னுட்டேன். அந்த ரெண்டு வார்த்தை எங்கிருந்து வந்துச்சோ தெரியலை. அவங்க என் கையை விட்டுட்டாங்க. அப்புறம் அழலை, சும்மா உக்காந்திருந்தாங்க. சனம் ஆளுக்கு ஆளு, "சொல் பேச்சுக் கேக்காத புள்ளை"ன்னு பேச ஆரம்பிச்சுச்சு. குடிச்சிருப்பான்னுகூட ஒருத்தன் சொன்னான். நான் அதையும் மறுக்கலை.

இன்னொரு கூத்தையும் கேளுங்க. விசாரணையில நான் பேசின இங்கிலீசு துரைக்குப் பிடிச்சுப் போச்சு. ரெண்டு மாசத்துல என்னைச் சேப்டி ஆளாப் போட்டு, வகுப்புக்கு மொழிபெயர்க்கவும் வச்சுக்கிட்டாரு. ஒரு உசிரைப் போக்கினவனுக்கு உசிரைக் காக்கிற வேலை! ஒவ்வொரு வகுப்புலயும் ரெண்டாம் நாள் துரை அந்தக் கேஸை எடுப்பாரு. பேர் சொல்ல மாட்டாரு, "ஒரு தொழிலாளி"ம்பாரு. வெளிய வந்தான், வில்லையை எடுத்தான், யாருக்கும் சொல்லாமத் திரும்பிப் போனான், செத்தான். கரும்பலகையில ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதுவாரு. நான் அதைத் தமிழ்ல சொல்லுவேன். மூணு வகுப்புல சொன்னேன். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கிச்சு. மூணாந்தடவை ஒட்டலை. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

நாலாவது வகுப்புக்கு அவன் தம்பி வந்து உக்காந்தான்.

அண்ணன் போனதுக்கப்புறம் தம்பியும் சுரங்கத்துக்கே வந்துட்டான். தோட்டத்துல அம்மா ஒருத்தி சம்பாத்தியத்துல வீடு நடக்குமா? கெட்டிக்காரப் பையன், அண்ணன் மாதிரி வாயாடி இல்லை. சீக்கிரமே சூப்பவைசர் ஆக்கிட்டாங்க. அன்னைக்கு ரெண்டாவது பெஞ்சில உக்காந்து, என்னைப் பாத்து, "என்னண்ணே, சௌக்கியமா?"ன்னு சிரிச்சான். அந்தச் சிரிப்பு அப்படியே அண்ணன் சிரிப்பு. முதல் நாள் பூரா அவன் பக்கம் பாக்காமலே பேசினேன்.

ரெண்டாம் நாள் துரை சாக்குக்கட்டியை எடுத்து, "ஒரு தொழிலாளி"ன்னு ஆரம்பிச்சாரு. அவன் யாருன்னு துரைக்குத் தெரியாது. தகரத்து மேல மழை அடிக்குது. துரை முதல் வரியைச் சொல்லிட்டு என்னைப் பாத்தாரு. தம்பியும் என்னைப் பாத்தான், முகம் இறுகிப் போச்சு. அவன் அண்ணன் கதைதான்னு அவனுக்குப் புரிஞ்சுருச்சு. பெஞ்சு விளிம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டான்.

என்னால முடியலை. 'வெளிய வந்தான்'னு சொல்ல வாயெடுத்தேன், வரலை. "அந்தப் பையன் வெளிய வரவே இல்லை"ன்னு சொன்னேன்.

துரை அடுத்த வரியைச் சொன்னாரு, வில்லையை அவனே எடுத்தான்னு. நான், "அவன் வில்லையை அவன் எடுக்கலை. நான் எடுத்தேன். பதினோரு வில்லையையும் நான்தான் வாரி எடுத்தேன். வேட்டுக்காரர் கேட்டப்ப எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னதும் நான்தான். ஆளை எண்ணிப் பாக்கலை. விசாரணையில பொய் சொன்னேன்"னு சொன்னேன். குரல் எப்படி இருந்துச்சோ தெரியாது. கொட்டகையில ஒருத்தன்கூடக் கோப்பையைக் கீழ வைக்கலை. அங்க இருந்தவங்கள்ல பாதிப் பேரு முந்தின வாரம்கூடத் தங்களோட கேங்கு வில்லையை வாரி எடுத்துப் போட்டுட்டு வந்தவங்கதான். அவங்க முகத்துல தெரிஞ்சுச்சு.

துரை சிரிச்சாரு. "உங்க மொழியில எல்லாமே எவ்வளவு நீளமா இருக்கு!"ன்னாரு. பாவம், அவருக்கு என்ன தெரியும்.

தம்பி எந்திரிச்சான். நான் அடிப்பான்னு நெனச்சேன், அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். "அண்ணே, இதைத் துரைக்கும் சொல்லுங்க"ன்னான். அமைதியா, மரியாதையாத்தான் சொன்னான்.

"என்ன கேக்கிறான்?"னு துரை என்னைக் கேட்டாரு.

வேலை, சாப்பாடு, எங்கப்பா முகம், போலீசு, எல்லாம் ஒண்ணா வந்து கண்ணு முன்னால நின்னுச்சு. அப்புறம் துரையைப் பாத்து, "ஹி அண்டர்ஸ்டாண்ட்ஸ், சார்"னு சொன்னேன்.

துரைக்குத் திருப்தி. "குட், குட்"ன்னு தலையாட்டினாரு. ஆனா 'அண்டர்ஸ்டாண்ட்'ங்கிற அந்தச் சொல்லை ரெண்டு நாளா நாப்பது தடவை அந்தக் கொட்டகையில கேட்டிருந்தான் அவன். நான் என்ன சொன்னேன்னு அவனுக்கு விளங்கிருச்சு. என்னை ஒரு பார்வை பாத்தான். தொப்பியை எடுத்துக்கிட்டு மழையில இறங்கிப் போயிட்டான். எங்க போறான்னு துரை கேட்டதுக்கு, கக்கூசுக்குன்னு சொன்னேன். பொய்க்கு என்கிட்டப் பஞ்சமா?

துரை கடைசி வரைக்கும் அதை அறியாமத்தான் ஊருக்குக் கப்பல் ஏறினாரு. அறிக்கையில இன்னைக்கும் கீழ்ப்படியாமைன்னுதான் இருக்கும். அந்தக் கோழைத்தனத்தை நான் மூடி மறைக்கப் போறதில்லை.

மறுநாள் சாயந்தரம் தோட்டத்துக்கு ஏறிப் போனேன். லயத்து வாசல்ல தம்பி நின்னான். அம்மாகிட்டச் சொல்லியிருப்பான், செருப்பால அடி விழும்னு நெனச்சுத்தான் போனேன். அவன் வழியை விட்டு ஒதுங்கிக்கிட்டான். "நான் ஒண்ணும் சொல்லலை. உள்ள போய் நீங்களே சொல்லுங்க. இதையாவது மாத்திச் சொல்லாதீங்க"ன்னான்.

அவங்கம்மா அப்பத்தான் கொழுந்து எடுத்துட்டு மலையில இருந்து வந்திருந்தாங்க. இடுப்புல கட்டின படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டுட்டு, அட்டை கடிச்ச இடத்துல சவுக்காரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. "வாங்க தம்பி, எத்தனை நாளாச்சு"ன்னு தேத்தண்ணி ஊத்தப் போனாங்க. வேண்டாம் சின்னம்மான்னு சொல்லி, நின்னபடியே எல்லாத்தையும் சொன்னேன். கம்பி குறைஞ்சது, நான் கத்தினது, வில்லை, வேட்டு, விசாரணை. ஒண்ணையும் விடலை.

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வச்சாங்க. அப்புறம், "அப்போ போகாதடான்னு நீங்க சொல்லலையா?"ன்னாங்க.

"இல்லை சின்னம்மா. அவன் திரும்பிப் போனதே எனக்குத் தெரியாது. கம்பியைக் காணோம்னு கத்தினேன், அவ்வளவுதான்."

"அப்போ எம் மவன் பேச்சைக் கேக்காமப் போகலை. உங்க பேச்சைக் கேட்டுத்தான் போயிருக்கான்."

தலையை ஆட்டினேன்.

அவங்க என்னைத் திட்டலை. என்னைப் பாக்கக்கூட இல்லை. அடுப்புக்கு மேல, அவன் சட்டை ஒண்ணு மடிச்சு வச்சிருந்த பலகைப் பக்கம் திரும்பினாங்க. "ரெண்டு வருஷமா உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேனே சாமி. கண்ணு முழிச்சா திட்டினேன், கொழுந்து எடுக்கிறப்பத் திட்டினேன், உனக்கு விளக்கு ஏத்துறப்பவும், சொன்ன பேச்சைக் கேக்காமப் போனியேடா படுபாவின்னு திட்டித்தானே ஏத்தினேன். நீ கேட்டுத்தான்டா போயிருக்கே. அம்மாவை மன்னிச்சுருய்யா"ன்னு அந்தச் சட்டையைப் பாத்துக் கைகூப்பினாங்க.

மன்னிப்புக் கேக்கப் போனவன் நான். அவங்களுக்குப் பின்னால கதவு ஓரத்துல நின்னுக்கிட்டிருந்தேன்.